அத்தையின் மேட்டுக்கொல்லை

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அடித்திருக்கிறீர்களா? இது அறுபதைத் தாண்டி, மாத்திரை டப்பாவும் கையுமாக மொட்டை மாடியில் நடை பழகும் என் வயதுக்காரர்களுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு வண்டல் என்றால் என்ன என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

சரி, தெரியாதவர்கள் யாராவது படித்துத் தொலைத்தால் பாவம், சொல்லிவிடுகிறேன். பங்குனி சித்திரையில் ஏரித் தண்ணீர் சுருங்கி, அடி மண் கறுகறுவென்று பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதைக் கொத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், சத்தில்லாத நிலத்தில் கொட்டிப் பரப்புவார்கள். அடுத்த வெள்ளாமையில் அந்த நிலத்துக்கு உயிர் வந்துவிடும். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊர் இன்னும் இருக்கிறது, ஏரியும் ஏதோ பேருக்கு இருக்கிறது. நிலம்தான் இல்லை. அங்கே இப்போது கார் உதிரிபாகம் செய்கிற ஃபேக்டரி, அதைச் சுற்றி மதில், மதில் மேல் முள்கம்பிச் சுருள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவிடம் ஒரு கட்டை வண்டியும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. அந்தக் கோடையில் அவர் அடித்த வண்டல் எங்கள் நிலத்துக்கு இல்லை, அத்தையின் மேட்டுக்கொல்லைக்கு. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். அத்தை, நைனாவின் ஒரே தங்கை. அதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அவர் விட்டுப்போனது அந்த மேட்டுக்கொல்லை மட்டும்தான். ஒரே மணல். கம்பு போட்டால் முழங்கால் உயரம் வந்து, அதற்குமேல் எனக்கு இஷ்டமில்லை என்பதுபோல் நின்றுவிடும். அதை வைத்துத்தான் அத்தை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இப்டியே உட்டுகினே இருந்தா கொல்லை கரம்பாப் பூடும். இந்த வருசம் நான் வண்டல் அடிச்சித் தரேன்" என்று நைனாதான் சொன்னார். தங்கை மேல் அவருக்கு உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். மேற்கொண்டு நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு அவரை ராட்சசன் என்று நினைத்துவிடாதீர்கள்.

விடிந்ததும் வண்டி ஏரிக்குள் இறங்கும். நான் வண்டல் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஈரமும் மீன் கவிச்சியும் அழுகிய தாமரைத் தண்டின் வாசனையுமாக அந்த மண் மணக்கும். பாவாடையில் ஒட்டினால் மூன்று துவையலுக்கும் போகாது. அம்மாவிடம் முதுகில் சாத்து வாங்குவேன். நத்தைக் கூடுகளோடு பானை ஓடுகளும் நிறைய வரும். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, தேய்த்தால் பளபளக்கும். ஏரிக்குள் எந்தக் காலத்தில் யார் குடியிருந்தார்களோ தெரியாது. எங்களுக்கு அவை பாண்டி ஆடுகிற சில்லு, அவ்வளவுதான். மேட்டுக்கொல்லையில் நைனா கொட்டக் கொட்ட, அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கையாலேயே மண்ணைப் பரப்புவாள். வெயில் ஏறுவதற்குள் கொல்லை முழுக்கக் கறுத்துவிடும். நடுநடுவே ஓடுகள் சிவப்பாகக் கிடக்கும்.

எங்கள் நிலம் ஏரிக்குப் பக்கத்தில், தாழ்ந்த பூமி. அதற்கு வண்டல் தேவையே இல்லை. ஆனால் அதற்கு ஒரு வியாதி உண்டு. நடுவில் ஒரு பட்டை மட்டும் எது போட்டாலும் வெளிறித்தான் நிற்கும். ஏர் ஓட்டினால் அங்கே மட்டும் கலப்பைக் கொழு எதிலோ தட்டும், மாடு நின்றுவிடும். அந்தப் பட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரு கோடு, அதில் மட்டும் கேழ்வரகு ஆள் உயரத்துக்குக் கரும்பச்சையாக வளரும். கரையில் ஏறி நின்று பார்த்தால் யாரோ நிலத்துக்கு ரிப்பன் கட்டிவிட்டதுபோல் இருக்கும். நைனா அதை வறட்டுப் பட்டை என்பார்.

அந்தக் கோடையில்தான் புதைபொருள் ஆராய்ச்சி இலாகா ஜீப் வந்தது. அதில் வந்தவரை நாங்கள் ஜீப் ஐயா என்றே கூப்பிட்டோம். வட்டத் தொப்பி, சிரித்த முகம், பிள்ளைகளுக்கு பிஸ்கட். அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து கடற்கரைக்குப் பெரிய வண்டிப்பாதை ஒன்று இந்த வழியாகப் போயிருக்கவேண்டும், அதைத் தேடுகிறோம் என்றார். ஊர் ஆம்பிளைகளை ஆலமரத்தடியில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"பாதைக்கு ரெண்டு பக்கமும் பள்ளம் வெட்டியிருப்பாங்க. இப்ப மூடியிருக்கும். ஆனா பள்ளம் இருந்த எடத்துல பயிர் நல்லாப் பச்சையா நிக்கும், நடுவுல சோகையா நிக்கும். அப்படி யார் நெலத்துலயாவது நிக்குதா?"

நான் நைனாவைப் பார்த்தேன். எனக்கு ஒரே குஷி. 'எங்க நெலம், எங்க நெலம்' என்று கத்த வாயெடுத்துவிட்டேன். நைனா கால் கட்டை விரலால் மண்ணைக் கீறிக்கொண்டே சொன்னார்.

"அப்டி எதுவும் இல்லீங்க. எல்லாம் ஒரே சீராத்தான் கீது."

மற்றவர்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. காரணம் உண்டு. பக்கத்து ஊரில் ஒரு மேட்டில் பெரிய பெரிய கல்லாக வட்டம் போட்டிருந்தது. அதைப் பழங்காலத்துச் சவக்குழி என்று சொல்லி, வேலி கட்டி, நீலப் பலகை நட்டுவிட்டார்கள். உள்ளே மாடு மேய்த்தால்கூட தண்டனை. நிலத்தில் பழசு எதாவது அகப்பட்டால் சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும் என்று ஊரே நம்பியது. எங்கள் வீட்டில் நாலு பிள்ளைகள், நைனா, அம்மா, ஆறு வாய். அந்த ஒரு நிலம் போனால் நடுத்தெருதான்.

ஜீப் ஐயா விடவில்லை. கொல்லை கொல்லையாக நடந்தார். கோடையில் எங்கள் நிலம் பயிரில்லாமல் கிடந்ததால் ரிப்பன் அவர் கண்ணில் படவில்லை. மேட்டுக்கொல்லைக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓட்டைக் கையில் எடுத்துத் துடைத்து, முகர்ந்து, கூட வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டி, அடேயப்பா, என்ன சந்தோஷம் அவருக்கு! நைனா, நான், அத்தை மூவரும் வரப்பில் நின்றிருந்தோம்.

"ஏம்மா, இந்த ஓடெல்லாம் உங்க கொல்லையில எப்பவும் கெடைக்குமா?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை ஒரு தடவை நைனாவைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"கெடைக்குமே. எங்க மாமனாரு காலத்துலேர்ந்து கெடைக்குது சாமி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு என்ன கிறுக்கா, போன வாரம் நாம் கொட்டின மண்ணாயிற்றே? நைனா சொல்வார் என்று பார்த்தேன். அவர் மாட்டை அதட்டிக்கொண்டு போய்விட்டார். மாடு சும்மாதான் நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவ ஒருத்தி. நாம ஆறு பேரு. பேசாமப் போய்ப் படி."

நைனா பின்னாலிருந்து, "வெளில வாயத் தொறந்தே, பல்லத் தட்டிடுவேன்" என்றார். அவர் எங்களை அடித்ததே கிடையாது. அதனால்தான் பயந்துபோனேன். என்னிடம் ஓர் அருமையான சில்லு இருந்தது, பானை விளிம்பு, விரல் அழுத்தின பூ வேலை. அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

வைகாசியில் மேட்டுக்கொல்லையில் தோண்டத் தொடங்கினார்கள். நூல் கட்டி, சதுரம் சதுரமாக, ஓரம் கத்தியால் அறுத்த மாதிரி. பள்ளிக்கூடம் திறக்கும்வரை எனக்கு அங்கேதான் பொழுது. மண்ணைச் சல்லடையில் சலிப்பார்கள். தூரிகையால் தட்டுவார்கள். அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி தலை வாரிக்கொண்டு, பானையில் நீர்மோர் கரைத்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றுவாள். அத்தை ஒரு வெகுளி, நாலு படித்த மனிதர்கள் அம்மா என்று கூப்பிட்டதும் உச்சி குளிர்ந்துபோய்விட்டாள் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படியே நம்பினேன். ஒருவர் செய்கிற காரியம் நமக்கு வசதியாக இருந்தால், அவரை வெகுளி என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா?

கறுப்பு மண்ணுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மணல், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே மஞ்சள் களிமண். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஜீப் ஐயா சதுரத்துக்குப் பக்கத்தில் சதுரமாகத் தோண்டிக்கொண்டே போனார். அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. அவரைப் பார்க்கவும் எனக்குப் பாவமாக இருக்கும். நைனா அந்தப் பக்கமே வரவில்லை. கூலிக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோதும் இடுப்பு வலி என்று சொல்லிவிட்டார்.

ஆடி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. பள்ளத்தில் எல்லாம் தண்ணீர். கரை சரிந்து, வண்டலெல்லாம் அடியில் போய்விட்டது. மழை விட்டதும் அவசர அவசரமாக மூடினார்கள். சரளையும் களிமண்ணும் மேலே வந்துவிட்டன. மேல்மண் கீழே, கீழ்மண் மேலே என்றால் அது விவசாயிக்குச் சாவு மாதிரி. ஜீப் ஐயா அத்தையைக் கும்பிட்டு, நஷ்டஈட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் எதுவும் வந்த மாதிரி தெரியவில்லை.

அந்த வருஷம் அத்தை விதைத்த கம்பு முளைக்கவே இல்லை. அடுத்த வருஷம் சதுரம் சதுரமாக நிலம் அமுங்கித் தண்ணீர் கட்டி நின்றது. இராத்திரியில் தவளை கத்தினது மட்டும்தான் மிச்சம். வாங்க ஆளில்லாத கொல்லையைப் படப்பைக்காரர் ஒருவர் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார். அத்தை கூலி வேலைக்குப் போனாள்.

அதற்கப்புறம் நைனா அத்தை வீட்டுப் படி ஏறவில்லை. அத்தை எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு தெருவில் திரும்பிவிடுவார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால், பின்பக்கமாக வெளியே போய்விடுவார். போகப் போக அவளும் வருவதை நிறுத்திக்கொண்டாள். பொங்கலுக்கு அண்ணன் தங்கச்சிக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் இல்லையா, அதைக் குறை வைக்கவில்லை. புடவை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் கூடையில் வைத்து என் தலையில் ஏற்றிவிடுவார். நான் கொண்டுபோவேன்.

எங்கள் நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கேழ்வரகு ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் நால்வரும் அதைத் தின்றுதான் வளர்ந்தோம், படித்தோம். பிறகு ஃபேக்டரிக்காரர்கள் வந்து நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். தம்பிகள் படப்பையில் மாடி வீடு கட்டினார்கள். அத்தையோ ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, தெற்கேயிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்த பையன்களுக்குச் சமைத்துப்போட்டுப் பிழைத்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். நான் அப்போது குழந்தை, எனக்கென்ன பொறுப்பு என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். எடுபடவில்லை. என் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கும்போதுகூட அந்த நினைப்பு வந்து நிற்கும்.

நைனா செத்தபோது அத்தை வந்தாள். எனக்கும் அம்மாவுக்கும் ஒரே பயம். ஒப்பாரியில் எதையாவது போட்டு உடைத்துவிடுவாளோ என்று. அவள் ஒப்பாரியே வைக்கவில்லை. காலடியில் உட்கார்ந்து, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, எடுக்கிறவரை அழுதாள். அப்பாடா என்று நினைத்தேன். ஆமாம், அப்பாடா என்றுதான் நினைத்தேன்.

போன மாசம் ஒரு போன். அத்தையிடம் சாப்பிடுகிற திருநெல்வேலிப் பையன்.

"ஆச்சி ஒங்களக் கூப்பிடச் சொல்லுதாவ. எங்க கம்பெனி மதிலுக்கு வெளிய பழைய ரோடு ஒண்ணு தோண்டுதாவ. அதப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ."

போனேன். போகாமல் இருக்க முடியுமா? அத்தைக்கு எழுபத்தெட்டு இருக்கும். முதுகு வளைந்திருந்தது, பேச்சு மட்டும் வளையவில்லை.

"வாடி. எங்க அண்ணன் நெலத்தத் தோண்டுறாங்களாமே. இட்டுனு போ."

ஷேர் ஆட்டோவில் போனோம். மதிலுக்கும் சாலைக்கும் நடுவில் மிச்சமிருந்த துண்டு நிலம். மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டப்போய், ஏதோ அகப்பட்டது என்று நிறுத்தி, ஆராய்ச்சிக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பொறுப்பாக இருந்தது ஒரு பெண். வியர்வை வழிய வழிய மேலே வந்து, எங்கள் இரண்டு பேரையும் கயிற்றுக்கு உள்ளே விட்டாள்.

"இதோ இந்தக் கறுப்புக் கோடு ஒரு பள்ளம் பாட்டி. அதோ அது இன்னொண்ணு. நடுவுல சரளையும் சுண்ணாம்புக் கல்லும் போட்டு இறுக்கியிருக்காங்க. சக்கரம் போன தடம் தெரியுதா?"

தெரிந்தது. எங்கள் வறட்டுப் பட்டை. கொழு தட்டிய இடம். எத்தனை காலமாக எத்தனை வண்டி போயிருந்தால் கல்லில் அப்படிப் பள்ளம் விழும்! அவ்வளவும் நாங்கள் விதைத்து அறுத்த மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் இருந்திருக்கிறது.

"இந்த ஊர்ல முன்னாடியே ஒரு தடவை தேடியிருக்காங்க" என்றாள் அந்தப் பெண். "அந்த மேட்டுப் பக்கம். மேல எக்கச்சக்கமா ஓடு கெடச்சுதாம், கீழ ஒண்ணுமே இல்லையாம். மேல மட்டும் எப்படி வந்துச்சுன்னு எங்களுக்கு இன்னும் புரியல."

நான் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது ஏரி மண்ணும்மா" என்றாள் அத்தை. "எங்க அண்ணன் வண்டில அடிச்சிக் கொட்டினது."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா பாட்டி?"

"பரத்தினதே நான்தானே. ஓடு கீறிக் கையெல்லாம் ரத்தம். தெரியாம இன்னா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இங்க வந்து தோண்டியிருப்பாங்க. அவனுக்கு நாலு புள்ளைங்க. நான் ஒண்டிக்கட்டை, எப்டியாவது பொழச்சிக்குவேன்னு உட்டுட்டேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அத்தைக்கு ஏரி மண் என்று தெரியாது, மறந்துவிட்டாள், வெகுளி என்று ஆயுசு முழுக்க நம்பிக்கொண்டிருந்தோமே. வண்டல் பரப்பின கைக்குத் தெரியாதா அது எங்கேயிருந்து வந்தது என்று? இந்தச் சின்ன விஷயம் எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லையே!

சாலை ஓரத்துக்கு வந்து ஆட்டோவுக்கு நின்றோம். லாரி லாரியாகக் கார்கள் போய்க்கொண்டிருந்தன. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

"அத்தை, நீ தெரிஞ்சேதான் உட்டேன்னு நைனாவுக்குத் தெரியாது. அவர் உனக்குத் துரோகம் பண்ணிட்டோம்னே நெனச்சிகினு செத்தாரு."

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பானா?"

நான் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தேன்.

"கொல்லையப் பத்தி நான் ஒரு நாளாவது கேட்டனா சொல்லு. வருசா வருசம் பொங்கலுக்கு வாசல் தெளிச்சி, கோலம் போட்டு, எங்க அண்ணன் வருவான்னு ஒக்காந்துகினே இருப்பேன். வந்தா சொல்லிடலாம்னு. நீதான் வருவ. கூடைய வாசப்படில வச்சிட்டு, 'அத்தை, நைனா குடுத்தாரு'ன்னு ஒரே ஓட்டமா ஓடுவ. உள்ள வாடின்னு நான் கூப்பிடறதுக்குள்ள தெருவத் தாண்டிடுவ."

"பயமா இருந்துச்சு அத்தை."

"இன்னாத்துக்குப் பயம்? நானா குடுத்த கொல்லைடி அது. அதுக்குப் போயி எனக்கு இருந்த ஒரே அண்ணனையும் இல்லாமப் பண்ணிட்டீங்களே."

ஆட்டோ வந்து நின்றது. அத்தை கம்பியைப் பிடித்து ஏறி, நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.